எட்டாவது கம்பி

மேற்பார்வையாளர் இசுருகியின் செய்தி ஒன்பது ஐம்பதுக்கே வந்துவிட்டது. கனாயே அதைப் பார்த்தது பத்து இருபதுக்கு. இடையிலிருந்த அரை மணி நேரமும் அவள் கலவை லாரி உள்ளே வர வழி வேண்டுமே என்று வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தாள். போன் சட்டைப்பைக்குள் இரண்டு முறை அதிர்ந்தது. கைகளில் தடித்த கையுறை. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள்.

"படம் 1 முதல் 11 வரை சரி. 12, ஆள் இறங்கும் திறப்பு: பலகை தெரிகிறது, கம்பி தெரியவில்லை. பழைய படத்தைத் திருத்தி அனுப்பினால் செல்லாது. மறுபடி எடுத்து அனுப்பவும். அதுவரை காங்கிரீட் ஊற்ற வேண்டாம்."

கனாயே மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்திவிட்டுக் கலவை ஆலைக்குப் போன் போட்டாள்.

"முதல் லாரி கிளம்பிருச்சும்மா, பத்தேகாலுக்கு" என்றார் ஆலைக்காரர். "மத்ததை வேணா நிறுத்தி வைக்கிறேன்."

பத்தேகால். கலந்ததிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் இறக்கத் தொடங்கியாக வேண்டும். அதாவது பதினொன்றே முக்கால். தாண்டினால் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

திருப்பி அனுப்பினால் அவளையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அக்டோபரில் வரைபடத்தைத் தப்பாகப் படித்து, சரியாக இருந்த கம்பியைத் தப்பு என்று சொல்லி இரண்டு லாரிகளை அவள் நிறுத்திவிட்டாள். அன்றைக்கே தளத் தலைவர் ஒகாதா சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை காரணமில்லாம ஊத்தறதை நிறுத்தினேன்னா, நீ தலைமை ஆபீஸ்ல பேப்பர் அடுக்கப் போயிடு." இரண்டு வருஷம் கெஞ்சி வாங்கிய தள வேலை அது. அன்றிலிருந்து வேலையாட்கள் அவளுக்கு வைத்த பெயர் நிறுத்து ராணி.

தோயாமா கடற்கரையில் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் முற்றத்தடியில் தீயணைப்பு நீர்த்தொட்டி கட்டுகிறார்கள். தொட்டியின் மூடித்தளத்துக்குத்தான் இன்று காங்கிரீட். வசந்தம் வந்ததும் பிள்ளைகள் அதன்மேல் ஓடி விளையாடுவார்கள். பனி விழாமலிருக்கக் குழாய்களை நட்டு, நீலத் தார்ப்பாயை இரண்டு மடிப்பாகப் போட்டுக் கூடாரம் அடித்திருந்தார்கள். காலை பத்தரைக்கும் உள்ளே அந்தி வெளிச்சம்தான். எல்லாம் நீலம், ஆட்களின் முகங்கள்கூட.

கனாயே குனிந்து உள்ளே போனாள். இரண்டு அடுக்குக் கம்பி வலை தளம் முழுக்கப் பரந்து கிடந்தது. கோடியில், தார்ப்பாயின் ஓரத்தை ஒட்டி, ஆள் இறங்கும் சதுரத் திறப்பு. அதற்கு மேலே, கூடாரத்தின் இரண்டு குழாய்களில் குறுக்காகக் கிடந்த கம்பியில், நேற்று மாலை அவள் மாட்டிய விளக்கு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

நேற்று மூன்று மணிக்கு வந்த இசுருகி எல்லாவற்றையும் டேப் வைத்து அளந்து பார்த்தார். கட்டட வடிவமைப்பாளர் அலுவலகத்தின் மேற்பார்வையாளர் அவர். திறப்பின் நான்கு மூலைகளில் மட்டும் சாய்வுக் கம்பிகள் அப்போது வந்திருக்கவில்லை. மூலைக்கு இரண்டு: மேல் வலையோடு ஒன்று, கீழ் வலையோடு ஒன்று. மொத்தம் எட்டு. மூலையில்தான் விரிசல் முதலில் விழும் என்பதால் அந்த எட்டும் முக்கியம். "போட்டு முடிச்சதும் படம் எடுத்து அனுப்பும்மா. காங்கிரீட் விழுந்துட்டா அப்புறம் உனக்கும் எனக்கும் அந்தப் படம்தான் கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளும் ஐந்து மணிக்கு இருட்டில் எடுத்து அனுப்பினாள். சிலேட்டு அளவுக் கரும்பலகையில் தளத்தின் பெயர், தேதி, கம்பியின் பருமன், எண்ணிக்கை எல்லாம் எழுதி மூலையில் சாய்த்து வைத்து எடுத்தாள். இந்த வேலையில் பலகை இல்லாத படத்தை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பலகை வாசிக்க முடியாமல் போனால் ஒகாதாவிடம் திட்டு. அதனால் எடுத்தவுடன் அவள் பெரிதாக்கிப் பார்ப்பது பலகையைத்தான். எழுத்து தெரிந்தால் சரி.

இப்போது அந்தப் பன்னிரண்டாம் படத்தைப் பெரிதாக்கினாள். அவள் எழுதிய எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. பலகைக்குப் பின்னால் கம்பிகள் கருப்புப் புகை.

"என்ன நிறுத்து ராணி? கொடியோட வந்துட்டியா?"

கம்பி மேஸ்திரி சகுமா. ஐம்பத்தைந்து வயது, கம்பி மாதிரியே உடம்பு. பெட்டிமேல் உட்கார்ந்து கடற்பாசி தூவிய சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்தலை மேஸ்திரி. ஒரே ஒரு படம் மறுபடியும் எடுக்கணும்."

"நேத்து ஒரு மணி நேரம் எடுத்தியே, அது என்ன, கல்யாணப் படமா?"

"பலகைதான் விழுந்திருக்கு. கம்பி விழலை."

"நான் கட்டினது கம்பி. நீ எழுதினது பலகை. உன் கையெழுத்துமேல உனக்குப் பாசம் ஜாஸ்தி." உருண்டையை முடித்துவிட்டு உறையைப் பையில் திணித்தார். "எடு, எடு. லாரி வந்திருச்சு."

வெளியே லாரி பின்பக்கமாக வரும் மணிச்சத்தம். பம்ப் வண்டியின் எஞ்சின் உறுமத் தொடங்கியது. பத்து நாற்பது.

கனாயே பலகையில் இன்றைய தேதியை மாற்றி, நேற்று வைத்த அதே மூலையில் சாய்த்தாள். நடைபலகைமேல் மண்டியிட்டு எடுத்தாள். கிளிக். போனின் சத்தம் கூடாரத்துக்குள் பெரிதாகக் கேட்டது. பார்த்தாள். கம்பி மூன்று மூன்றாகத் தெரிந்தது.

மறுபடி. இந்த முறை பிளாஷ் போட்டாள். பலகை வெள்ளையாய்ப் பளீரிட்டது. ஈரக் காற்றின் துளிகள் எல்லாம் வெள்ளைப் பொட்டுகளாக விழுந்தன. கம்பி இன்னும் இருட்டுக்குள் போய்விட்டது.

மூன்றாவது, நான்காவது. இரவுப் படத்துக்கான அமைப்பைப் போட்டாள். அசையாமல் பிடிக்கச் சொல்லி மூன்று விநாடி எண்ணியது. அவள் மூச்சைப் பிடித்தாள். படம் குழைந்துபோன கஞ்சி.

"கை நடுங்குதாம்மா?" என்றார் சகுமா.

"கை நடுங்கலை. நடைபலகை நடுங்குது." உள்ளங்கையை நடைபலகைமேல் வைத்துப் பார்த்தாள். ஆமாம், பம்ப் எஞ்சினின் அதிர்வு தரை வழியாக வந்து பலகையில் ஏறி முழங்காலில் குறுகுறுத்தது. வெறுங்கண்ணுக்குத் தெரியாதது மூன்று விநாடிப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது.

தார்ப்பாயைத் தூக்கிக் கத்தினாள். "எபினா அண்ணே! எஞ்சினை அணைங்க, அஞ்சு நிமிஷம்!"

பம்ப் ஓட்டுபவர் எபினா ஜன்னலிலிருந்து தலையை நீட்டினார். "இந்தக் குளிர்ல அணைச்சா குழாய் அடைச்சுக்கும்."

"அஞ்சே நிமிஷம் அண்ணே."

"அஞ்சுன்னா அஞ்சு. ஆறாவது நிமிஷம் நான் உன்னைக் கேக்க மாட்டேன்." எஞ்சின் நின்றது. தார்ப்பாய்மேல் பனி சரியும் சத்தம் மட்டும் கேட்டது. தூரத்தில், கடல் பக்கம், குளிர்கால இடி ஒன்று உருண்டது. மணி பத்து ஐம்பத்தெட்டு.

இப்போது அவள் யோசித்தாள். அவசரத்தில் இதுவரை செய்யாத ஒன்று அதுதான்.

லென்ஸைப் பார்த்தாள். வெளிக்குளிரிலிருந்து சூட்டடுப்பு எரியும் கூடாரத்துக்குள் வந்ததில் மெல்லிய ஆவி படிந்திருந்தது. உள்சட்டையின் நுனியை இழுத்துத் துடைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி வலைமேல் கவிழ்த்து வைத்து, போனை அதில் சாய்த்தாள். இனி கையே வேண்டாம். பலகையை மூலையிலிருந்து எடுத்துத் திறப்புக்கு மறுபக்கம் தள்ளி வைத்தாள். எழுத்து தெரியும், ஆனால் எதையும் மறைக்காது. திரையில் பலகையைத் தொடாமல், கீழ்க் கம்பிமேல் விரலை அழுத்திப் பிடித்தாள். குவியம் அங்கேயே பூட்டிக்கொண்டது. திரையில் வெளிச்சத்தை ஒரு படி குறைத்தாள்.

மிச்சமிருந்தது விளக்கு. நேர் மேலே தொங்கி, ஒவ்வொரு கம்பிக்கும் கருகருவென்று ஒரு நிழலைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது. கம்பி எது, நிழல் எது என்று கண்ணுக்கே பிடிபடவில்லை. எட்டி விளக்கைக் கழற்றினாள். தார்ப்பாயோரம் அடுக்கியிருந்த வெள்ளைத் தெர்மோகோல் பலகை ஒன்றை இழுத்து நிமிர்த்தி வைத்து, விளக்கை அதன் பக்கம் திருப்பினாள். வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, மேகத்துக்குள்ளிருந்து வருவது போலப் பக்கவாட்டில் மெல்லப் பரவியது. நிழல்கள் கரைந்தன.

"அடேங்கப்பா" என்றார் சகுமா. "ஸ்டூடியோவே வச்சுட்டியா?"

"பேசாதீங்க மேஸ்திரி. நடக்கவும் நடக்காதீங்க."

போன் தானே படம் எடுக்கும் நேரத்தை மூன்று விநாடிக்கு வைத்து, தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். மூன்று. இரண்டு. ஒன்று. பிறகு இரவு அமைப்பு எண்ணிய நான்கு விநாடிகள். கிளிக்.

கட்டுக்கம்பியின் முறுக்கு ஒவ்வொன்றும் தெரிந்தது. கம்பிமேல் உள்ள வரிகள், ஒரு துளி துரு, கீழே மஞ்சள் சென்ட்ரிங் பலகையில் யாரோ உதிர்த்த மரத்தூள். இந்தத் தளத்தில் இவ்வளவு தெளிவாக ஒரு படம் அவள் எடுத்ததேயில்லை.

சந்தோஷத்தில் எண்ணத் தொடங்கினாள். இடது கோடி, மேலே ஒன்று, கீழே ஒன்று. வலது கோடி, இரண்டு. முன் இடது, இரண்டு. முன் வலது, மேலே ஒன்று.

கீழே மரத்தூள்.

மறுபடி எண்ணினாள். ஏழு.

"மேஸ்திரி. இங்க வாங்க."

சகுமா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எட்டு இருக்கும். நல்லாப் பாரு."

"முன் வலது மூலையில கீழ்க் கம்பி இல்லை."

"நேத்து நீயே எண்ணினே. எட்டுன்னு நீதானே எழுதினே?"

நேற்றைய படத்தை எடுத்தாள். அதே மூலை. பலகை பாதியை மறைத்திருந்தது. மறைக்காத பாதியில், மேல் கம்பிக்குச் சற்றுக் கீழே, சாய்வாக ஒரு கருங்கோடு. அதைத்தான் அவள் எட்டாவது கம்பி என்று எண்ணியிருக்கிறாள். இன்றைய படத்தில் விளக்கு பக்கவாட்டில். அந்தக் கோடு இல்லை.

"அது மேல் கம்பியோட நிழல்" என்றாள். தன் குரல் தனக்கே மெலிந்து கேட்டது.

"நிழலாம்!" சகுமாவின் முகம் இறுகியது. "முப்பத்தாறு வருஷமா கம்பி கட்டறேன். எட்டு வெட்டினேன், எட்டும் போட்டேன். வலைமேல ஒண்ணுகூட மிச்சம் இல்லை. மிச்சமில்லேன்னா எல்லாம் உள்ள போயிருச்சுன்னு அர்த்தம். போன் படத்தை வச்சுக்கிட்டு என்னைத் திருடன்ங்கறியா?"

"நான் அப்படிச் சொல்லலை..."

போன் அடித்தது. ஒகாதா. நகராட்சிக் கூட்டத்திலிருந்து கிசுகிசுத்தார். "என்ன, ஊத்த ஆரம்பிச்சாச்சா?"

"இல்லை சார். படம் எடுத்தேன். ஒரு கம்பி குறையற மாதிரி தெரியுது."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "அக்டோபர்லயும் இதே 'மாதிரி'தான் சொன்னே. இசுருகி நேத்து எல்லாத்தையும் பார்த்துட்டுத்தானே போனார்?"

"இந்த மூலையைப் பார்க்கலை சார்."

"சகுமா என்ன சொல்றார்?"

"எட்டுங்கிறார்."

"அப்போ எட்டுதான். நேத்து எப்படி விளக்கு வச்சியோ அப்படியே வை, பலகையை அதே இடத்துல வை, ஆட்டாம எடுத்து அனுப்பு. அவருக்குத் தெளிவான படம்தானே வேணும்? லாரி போச்சுன்னா நான் பேச மாட்டேன், தலைமை ஆபீஸ் பேசும்." வைத்துவிட்டார்.

பதினொன்று எட்டு. வெளியே எபினா எஞ்சினை மறுபடி முடுக்கினார். அவருடைய ஆறாவது நிமிஷம் எப்போதோ கடந்திருந்தது.

அசையாத போன், துடைத்த லென்ஸ், நேர் மேலே விளக்கு. நிழல் கம்பியைவிடக் கம்பியாக விழும். எட்டு என்று பலகை சொல்லும். இசுருகி சரி என்பார். நாளை அதன்மேல் காங்கிரீட் இருக்கும். அதற்குமேல் யாருக்கும் கண் கிடையாது. ஒருவேளை சகுமா சொல்வதுதான் சரியோ? ஒருவேளை கம்பி வேறு கோணத்தில் ஒளிந்திருக்கிறதோ? அக்டோபரிலும் அவள் இதே நிச்சயத்தோடுதான் இருந்தாள்.

விளக்கைக் கையில் எடுத்தாள். பழைய இடத்தில் மாட்ட நிமிர்ந்தாள்.

கை பாதியில் நின்றது.

இரண்டு குழாய்களுக்குக் குறுக்கே கிடந்த அந்தக் கம்பி. பதின்மூன்று மில்லிமீட்டர் பருமன். ஒன்றேகால் மீட்டர் இருக்கும். ஒரு முனையில் சகுமாவின் ஆட்கள் வெட்டியதும் அடிக்கும் மஞ்சள் வர்ணம்.

நேற்று மாலை ஐந்து மணி அப்படியே கண்முன் வந்தது. இருட்டு. விளக்கை மாட்ட இடமில்லை. முன் வலது மூலையில், வலைமேல், சும்மா ஒரு கம்பி கிடந்தது. மிச்சக் கம்பி என்று நினைத்து எடுத்துக் குழாய்கள்மேல் போட்டாள். அது கிடந்த இடத்தில் பலகையைச் சாய்த்தாள்.

"மேஸ்திரி" என்றாள். "நேத்து கடைசிக் கம்பியை வலைமேல வச்சுட்டு எங்கயாவது போனீங்களா?"

"வண்டி பனியில மாட்டிக்கிச்சுன்னு கத்தினாங்க. தள்ளப் போனேன். ஏன்? திரும்பி வந்து பார்த்தேன், மேல ஒண்ணுமில்லை. நம்ம ஆளுங்க உள்ள சொருகிட்டாங்கன்னு..." அவர் நிறுத்தினார்.

கனாயே மேலே காட்டினாள். "நான்தான் எடுத்தேன். விளக்கு மாட்ட."

சகுமா நம்பவில்லை. வலைமேல் குப்புறப் படுத்தார். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முன் வலது மூலையில் தோள்வரை கையை விட்டார். இந்தப் பக்கம் தடவினார். அந்தப் பக்கம் தடவினார். அவர் கன்னம் குளிர்ந்த கம்பியில் அழுந்தியிருந்தது.

"இல்லை" என்றார்.

கனாயே அவர் வசைக்குத் தயாராக நின்றாள். எழுந்தவர் முழங்காலைத் தட்டிவிட்டு மேலேயிருந்த கம்பியை ஒரே இழுப்பில் இழுத்தார்.

"மணி என்ன?"

"பதினொன்று பதினாலு."

"நின்னு என்ன பார்க்கறே? அந்தப் பக்கம் போ. நான் திறப்பு வழியா உள்ள தள்ளறேன், நீ முனையைப் பிடிச்சு இழு. விரலை நசுக்கிக்காதே. ஆஸ்பத்திரிக்கு வேற லாரி கேக்காதே."

கம்பி முதலில், கீழ் வலையைத் தாங்கும் சிமென்ட் கட்டையான கவர் பிளாக்கில் முட்டியது. பின்னுக்கு இழுத்துச் சாய்த்துத் தள்ளினார். மேல் வலையில் சிக்கியது. கனாயே படுத்துக் கையை விட்டு முனையைத் தேடினாள். விரலில் மஞ்சள் வர்ணம் ஒட்டியது. பிடித்து இழுத்தாள். சகுமா இடுப்பிலிருந்த கொக்கியை எடுத்து, கண்ணால் பார்க்காமல் விரலாலேயே இடம் கண்டுபிடித்துக் கட்டுக்கம்பியை முறுக்கினார். ஒன்று. இரண்டு. மூன்று கட்டு. அவர் மூச்சு இரைத்தது.

"பதினொன்று இருபத்தாறு" என்றாள் கனாயே.

"எடு."

ஹெல்மெட். போன். லென்ஸ்மேல் மறுபடி ஆவி, துடைத்தாள். கம்பியில் விரலை அழுத்தினாள். ஆனால் தெர்மோகோல் பலகை அவர்கள் படுத்து எழுந்ததில் இரண்டாக உடைந்து கிடந்தது. விளக்கைச் சாய்த்து வைக்கத் தோதான இடமும் போய்விட்டது.

"என்கிட்ட குடு." சகுமா உடைந்த பாதியை ஒரு கையிலும் விளக்கை மறு கையிலும் பிடித்து மூலைக்கு வந்து குந்தினார். "எவ்வளவு நேரம் ஆடாம இருக்கணும்?"

"ஏழு விநாடி. மூச்சும் விடாதீங்க."

"விடாம செத்துட்டா என் பேரையும் பலகையில எழுதிடு."

"எபினா அண்ணே!" என்று கத்தினாள். எஞ்சின் ஒரு முனகலோடு நின்றது. எபினா என்னவோ திட்டியது கேட்டது.

தொட்டாள். மூன்று. இரண்டு. ஒன்று. தார்ப்பாய்க்கு மேலே இடி வெடித்தது. கூடாரம் ஒரு கணம் வெளுத்துக் கருத்தது. சகுமாவின் கண்கள் மட்டும் சுழன்றன, கை அசையவில்லை. கிளிக்.

மின்னல் வெளிச்சம் புகுந்து பாழாகிவிட்டதோ என்று பயந்தபடியே பெரிதாக்கினாள். ஓரத்தில் சற்று வெளுப்பு. மூலையில் புதுக் கட்டுகள் மூன்றும் பளபளத்தன. ஒன்று, இரண்டு... எட்டு. சகுமாவும் அவள் தோளுக்கு மேலாக வாய்க்குள் எண்ணினார்.

இசுருகிக்கு அந்தப் படத்தை இணைத்தாள். அனுப்பும் பொத்தான்மேல் விரல் நின்றது. பிறகு ஏழு கம்பி இருந்த படத்தையும் இணைத்து, கீழே தட்டினாள்: "நேற்று எட்டு என்று நான் எழுதியது தவறு. ஒரு கம்பியை விளக்கு மாட்ட நான் எடுத்துவிட்டேன். இப்போது கட்டியாயிற்று."

எட்டிப் படித்த சகுமா, "அந்த ஏழையும் அனுப்பணுமா?" என்றார். "எட்டு இருக்குதே, போதாதா?"

"பலகையில ரெண்டு நாளும் எட்டுதான். ஆனா நேத்து படத்துல இல்லாத புதுக் கட்டு இன்னிக்கு படத்துல இருக்கு. அவர் கண்டுபிடிச்சா அப்புறம் நான் எடுத்த எந்தப் படத்தையும் நம்ப மாட்டார்." அனுப்பிவிட்டாள். பதினொன்று முப்பத்திரண்டு.

காத்திருந்தார்கள். லாரியின் உருளை சுற்றிக்கொண்டிருந்த சத்தம். முப்பத்தைந்து. எபினா தார்ப்பாயை விலக்கித் தலையை நீட்டி, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். முப்பத்தேழு. சகுமா ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைக்காமல் வாயில் வைத்திருந்தார்.

முப்பத்தெட்டுக்குப் போன் அடித்தது. செய்தி இல்லை, இசுருகியே பேசினார்.

"கம்பியோட ரெண்டு முனையும் வலைக்குள்ள எவ்வளவு தூரம் போயிருக்கு?"

"திறப்பு ஓரத்துலேர்ந்து ரெண்டு பக்கமும் அரை மீட்டருக்கு மேல சார்."

"அளந்தியா, நினைக்கிறியா?"

கனாயே சகுமாவைப் பார்த்தாள். அவர் ஏற்கெனவே டேப்பை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒரு பக்கம் ஐம்பத்திநாலு சென்டிமீட்டர். மறுபக்கம் ஐம்பத்தெட்டு" என்று படித்தாள்.

"சரி. ஏழு இருக்கற படத்தையும் கோப்புல வை. அழிக்காதே. நாளைக்கு வந்து பேசறேன்; ஒகாதாவும் இருக்கட்டும். இப்ப ஊத்துங்க."

அவள் தார்ப்பாயைக் கிழிக்காத குறையாகத் தூக்கினாள். "எபினா அண்ணே! போகலாம்!"

குழாய் ஒருமுறை துள்ளியது. சாம்பல் நிறக் கலவை திறப்பின் ஓரத்தில் கொட்டி, வலைக்குள் புகுந்து, அந்த மூலையை மெல்ல நிரப்பியது. புதுக் கட்டுகள் மூன்றும் ஒவ்வொன்றாக மூழ்கின. அதிர்வுக் கருவியை ஒருவர் இறக்கினார். பதினொன்று நாற்பத்துமூன்று.

ஒகாதாவிடமிருந்து இரண்டு தவறிய அழைப்புகள் வந்திருந்தன. கனாயே போனைச் சட்டைப்பைக்குள் போட்டாள்.

கனாயே சொல்லி ஆலை அனுப்பிய அடுத்த லாரி உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. சகுமா ஊதாத சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு, விளக்கை அவளிடம் நீட்டினார்.

"இந்தா. ஸ்டாண்டு ஒண்ணு வாங்கித் தரச் சொல்லு உங்க ஆபீஸை. இனிமே என் கம்பியில எதையும் மாட்டினே, உன்னைத்தான் மாட்டுவேன்."